தோள் உயரம்

டெல்மர் கிரெஸ்கியின் உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். தொப்பி வைத்தால் ஐந்தடி ஐந்து. பூட்ஸைப் பற்றி இப்போது பேச வேண்டாம், அது பின்னால் வரும்.

ஐம்பது மாநிலங்களின் மோட்டார் சைக்கிள் சட்டமும் அவருக்கு மனப்பாடம். எந்த மாநிலத்தில் எல்லாரும் ஹெல்மெட் போட வேண்டும், எங்கே சின்னப் பிள்ளைகள் மட்டும் போட்டால் போதும், எங்கே யாருமே போட வேண்டாம், எங்கே கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம் என்று கேட்டாலும் சொல்லுவார், கேட்காவிட்டாலும் சொல்லுவார். தன் உயரம் ஒன்றுதான் அவருக்குத் தெரியாது.

மெக்கானிக் கெண்ட்ரா அவரை வருஷத்துக்கு ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். ஜூன் முதல் வாரத்தில் அவர் வண்டி சோதனைக்கு வரும். பென்சில்வேனியாவில் எல்லா வண்டிகளையும் வருஷம் ஒருமுறை சோதித்து ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். மூன்று மைல் தெற்கே போனால் மேரிலாந்து. அங்கே இந்த வருஷாந்திரத் தொல்லை கிடையாது. ஆனால் தலையில் ஹெல்மெட் இல்லாமல் ஒரு அடி நகர முடியாது. இங்கே வயதும் லைசென்ஸும் பழுத்தவர்கள் மொட்டைத் தலையோடு போகலாம். அதனால் எல்லையோரத்தில் இருக்கும் பழைய பட்டாசுக் கடையின் முற்றத்தில் கோடைக்காலம் முழுவதும் ஒரு வேடிக்கை நடக்கும். தெற்கே போகிறவர்கள் நின்று, முகத்தைச் சுளித்துக்கொண்டு ஹெல்மெட் மாட்டுவார்கள். வடக்கே வருகிறவர்கள் நின்று, ஜெயிலிலிருந்து வெளியே வந்தவர்கள் மாதிரி கூச்சல் போட்டுக் கழற்றுவார்கள். மாநிலக் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே தார் ரோடு, ஒரே மரம், ஒரே மான்கள் குறுக்கே ஓடும். இந்தப் பக்கத்து மான் மட்டும் மண்டையை உடைக்காது என்று அவர்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்று கெண்ட்ரா நினைத்துக்கொள்வாள்.

நினைத்துக்கொள்வாளே தவிரச் சொல்ல மாட்டாள். அவளுக்குப் பேச்சு வராது. பதினோராம் வகுப்பில் பள்ளியை விட்டு நின்றவள். வகுப்பில் எழுந்து நின்று பேசச் சொன்ன ஒரு நாள், எழுந்து நின்றாள், வாயைத் திறந்தாள், அப்படியே பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். திரும்பப் போகவில்லை. அம்மாவின் தம்பி லாய்ட் மாமா தன் ஒர்க்‌ஷாப்பில் கூட்டிப் பெருக்க வைத்துக்கொண்டார். பெருக்கிக்கொண்டே வேலையைக் கற்று, எழுத்துப் பரீட்சை எழுதி, சோதனை அதிகாரியின் முன்னால் ஒரு வண்டியைப் பிரித்துக் காட்டி, இருபத்து மூன்று வயதில் அந்த அட்டையை வாங்கினாள். மாநில அரசு கொடுத்த சோதனை மெக்கானிக் அட்டை. அவள் பெயர் அச்சில் வந்த ஒரே காகிதம் அதுதான். காகிதம்கூட இல்லை, பிளாஸ்டிக். சட்டைப் பையில் பட்டன் போட்டு வைத்திருப்பாள். தப்பான ஒரு வண்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டினாள் என்று தெரிந்தால் அதைப் பிடுங்கிவிடுவார்கள். பிடுங்கினால் மறுபடி துடைப்பம்தான். வேறு எந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனாலும் முதல் கேள்வியே பள்ளிச் சான்றிதழ் எங்கே என்பதுதான்.

அந்த வியாழக்கிழமை டெல்மரின் வண்டியைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஹேண்டில் பார் புதிது. இரண்டு கொம்பு மாதிரி வானத்தைப் பார்த்து நின்றது. குரங்கு தொங்கும் கம்பி என்று அவர்களே அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள், வெட்கமில்லாமல்.

"எப்படி இருக்கு?" என்றார் டெல்மர். "ஹார்லன் போட்டிருக்கானே, அதே கம்பி. அதே கடை. அதே குரோம்."

ஹார்லன் அவருடைய வலது கை. ஆறடி நாலு அங்குலம். போன வாரம்தான் அவன் வண்டிக்கு கெண்ட்ரா ஸ்டிக்கர் ஒட்டினாள்.

"ஏறி உட்காருங்க," என்றாள்.

"எதுக்கு?"

"அளக்கணும்."

டெல்மர் உட்கார்ந்தார். கைப்பிடி இரண்டும் தாடைக்கு நேராக நின்றன. யாரோ துப்பாக்கியைக் காட்டியது மாதிரி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு இருந்தார். கெண்ட்ரா டேப்பை இழுத்தாள். சீட்டிலிருந்து கைப்பிடி இருபத்து மூன்று அங்குலம். சீட்டிலிருந்து தோள் இருபது.

"தோளுக்கு மேல மூணு இன்ச்," என்றாள். "ஒட்ட முடியாது."

"என்னது?"

"ஓட்டுறவங்க தோளுக்கு மேல கைப்பிடி போகக் கூடாது."

"ஹார்லனுக்கு ஒட்டினியே! இதே கம்பிதானே?"

"அவருக்குத் தோள் இருபத்தஞ்சு."

ஒர்க்‌ஷாப்பில் எண்ணெய் மாற்றக் காத்திருந்த இரண்டு பேர் சட்டென்று சுவரிலிருந்த காலண்டரைப் படிக்க ஆரம்பித்தார்கள். டெல்மரின் கழுத்து சிவந்தது.

"அதாவது, ஒரே கம்பி அவனுக்குச் சட்டம், எனக்குக் குற்றம். கேளுங்கப்பா இந்த நியாயத்தை! மேரிலாந்துல பாரு, சீட்டுலேர்ந்து அளப்பான். நெட்டையோ குட்டையோ எல்லாருக்கும் ஒரே கணக்கு. அங்க மனுஷனோட உடம்பை அளக்க மாட்டான்."

அங்கே பதினைந்து அங்குலத்துக்கு மேல் கூடாது, அந்தக் கணக்கில் உங்கள் கம்பி ராட்சசனுக்கே ஆகாது என்று கெண்ட்ராவுக்குச் சொல்லத் தோன்றியது.  டேப்பைச் சுருட்டினாள்.

லாய்ட் மாமா கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். டெல்மரின் சங்கத்தில் நாற்பது வண்டிகள். 'சுதந்திரச் சக்கரங்கள்' என்று முதுகில் கழுகு படத்தோடு எழுதியிருப்பார்கள். அந்த நாற்பதும் லாய்ட் மாமாவிடம்தான் வருகின்றன.

"கெண்ட்ரா, இங்க வா," என்று அவளைக் கம்ப்ரெசர் பக்கம் கூட்டிப் போனார். "சனிக்கிழமை அவங்க எல்லைக்குப் போறாங்க. இவர்தான் முன்னால போகணும். ஸ்டிக்கர் இல்லாம எப்படிப் போவாரு? மூணு இன்ச்தானே, பொண்ணே. கொஞ்சம் நிமிர்ந்து உட்காரச் சொல்லு."

"நிமிர்ந்துதான் மாமா உட்கார்ந்திருக்கார்."

"உனக்கு வளைஞ்சு கொடுக்கவே தெரியாது."

"அட்டை என்னோடது," என்றாள் கெண்ட்ரா. அவ்வளவு நீளமாக அவள் மாமாவை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

டெல்மர் வண்டியை முறுக்கிக்கொண்டு கிளம்பினார். போகும்போது, "படிப்பை முடிக்காததுங்களுக்கு ஒரு அட்டையைக் கொடுத்தா இப்படித்தான்," என்று சத்தமாகவே சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் மத்தியானம் திரும்பி வந்தார். ஓட்டிக்கொண்டு வரவில்லை. ஹார்லனின் பிக்கப்பில் பின்னால் கட்டி எடுத்து வந்தார். டயர் தேய வேண்டாமே என்றார். கூடவே அவர் மனைவி ஆர்லீன் வந்து, ஓரமாகக் கிடந்த பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பன்னிரண்டு வருஷமாக அந்த வண்டியின் பின் சீட்டில் போகிறவள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. புருஷன் பேசும்போது எங்கேயோ பார்ப்பாள்.

சீட்டின் மேல் இன்னொரு சீட் முளைத்திருந்தது. கறுப்புத் தோல், உள்ளே கெட்டிப் பஞ்சு, நாலு அங்குலக் கனம். நாலு போல்ட்டும் போட்டு முறுக்கியிருந்தார். அதுவரை குறை சொல்ல முடியாது.

"இப்ப அள," என்றார்.

வண்டியைத் தரையில் நேராக நிறுத்திப் பிடித்திருந்தார்கள். டெல்மர் ஏறினார், ஹார்லன் இடுப்பைப் பிடித்துத் தூக்கிவிட்டான் என்றுதான் சொல்ல வேண்டும். கெண்ட்ரா டேப்பை வைத்தாள். கைப்பிடி தோளுக்கு ஒரு அங்குலம் கீழே இருந்தது.

சட்டப்படி சரி. போல்ட்டை ஆட்டிப் பார்த்தாள். சரி. விளக்கு, ஹாரன், டயர், செயின் எல்லாம் சரி. பிறகு கீழே பார்த்தாள். டெல்மரின் இரண்டு காலும் அந்தரத்தில் தொங்கின. பூட்ஸ் நுனிக்கும் தரைக்கும் நடுவே அவள் கையை விட்டு எடுக்கலாம் போலிருந்தது.

"கால் எட்டல," என்றாள் மெதுவாக.

"என்ன முனகுறே?"

"கால் தரையைத் தொடல."

"அதுக்குச் சட்டம் இருக்கா?"

கெண்ட்ரா யோசித்தாள். சோதனைத் தாளில் விளக்குக்கு ஒரு கட்டம், டயருக்கு ஒரு கட்டம், கம்பிக்கு ஒரு கட்டம். ஓட்டுகிறவனின் காலுக்குக் கட்டம் இல்லை. "இல்ல," என்றாள்.

"மேரிலாந்துல இருக்கா? மேற்கு வர்ஜீனியாவுல? ஒஹாயோவுல? சொல்லு. ஐம்பது மாநிலத்துல எங்கேயாவது காலைப் பத்தி ஒரு வரி உண்டா?"

"தெரியாது."

"எனக்குத் தெரியும். கிடையாது. ஒட்டு."

நிறுத்தும் சோதனை ஒன்று பாக்கி இருந்தது. முற்றத்தில் கொஞ்சம் வேகமாக ஓட்டிப் போய் பிரேக் பிடித்துப் பார்க்க வேண்டும். அதை எப்போதும் கெண்ட்ராவே செய்வாள். அந்தப் பஞ்சை உதைத்துத் தள்ளலாமா என்றிருந்தது, ஆனாலும் ஏறி உட்கார்ந்தாள். அவள் கால் நீளம். அவளுக்கே விரல் நுனிதான் தரையில் பட்டது. ஓட்டினாள், பிடித்தாள், வண்டி நின்றது. பிரேக்குக்கு ஒரு குறையும் இல்லை.

ஸ்டிக்கரை எடுத்தபோது பெஞ்சிலிருந்து ஆர்லீன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெண்ட்ரா ஒட்டினாள். விழுந்து எழுந்தால்தான் இந்த ஆளுக்குப் புத்தி வரும் என்று மனசுக்குள் ஒரு குரல் சொன்னது. அது அவளுடைய குரல்தான். அந்த நிமிஷத்தில் அது அவளுக்கு இனித்தது.

சனிக்கிழமை காலை நாற்பது வண்டிகளும் கிளம்பின. நடுவழியில் எதுவாவது மக்கர் பண்ணினால் ஏற்றிக்கொள்ள, ஒர்க்‌ஷாப்பின் பிக்கப்பை ஓட்டிக்கொண்டு கெண்ட்ரா பின்னால் போனாள். ஒவ்வொரு வருஷமும் அது அவள் வேலை. முன்னால் கழுகுகளின் முதுகு, அவளுக்கு மூச்சு முட்டும் புகை.

டெல்மர் கிளம்பும்போது ஹார்லன் வண்டியைப் பிடித்துக்கொண்டான். ஊரில் இருந்த ஒரே சிவப்பு விளக்கை டெல்மர் பார்க்காத மாதிரி கடந்து போனார். ஹெல்மெட் அவருடைய இடுப்புக்கு அருகில் கொக்கியில் ஆடிக்கொண்டு வந்தது. ஆர்லீனுடையது அவள் மடியில். சங்கத் தலைவரின் மனைவி பென்சில்வேனியா மண்ணில் அதைப் போடுவது அழகில்லையாம்.

எல்லைச் சடங்கு இப்படி: எல்லாரும் பட்டாசுக் கடை முற்றத்தில் நிற்பார்கள். தலைவர் மட்டும் தனியாக ரோட்டில் ஓட்டிப் போய், முன் சக்கரம் சரியாக மாநிலக் கோட்டின் மேல் வருகிற மாதிரி நிறுத்துவார். காலை அகட்டி ஊன்றி, இரண்டு கையையும் தூக்கி, "என் தலை, என் முடிவு!" என்று கத்துவார். எல்லாரும் திருப்பிக் கத்துவார்கள். அப்புறம் எல்லாரும் ரொம்பச் சமர்த்தாக ஹெல்மெட்டை மாட்டி, கன்னத்துக்குக் கீழே வாரைப் பூட்டி, மேரிலாந்துக்குள் போய் நண்டு கேக் தின்றுவிட்டு வருவார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மேரிலாந்து போலீஸ்காரர் காரில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே இதைப் பார்ப்பார். இத்தனை வருஷத்தில் அவர் காரைவிட்டு இறங்கியதே இல்லை.

டெல்மர் ஓட்டிப் போனார். பின்னால் ஆர்லீன். சக்கரம் கோட்டைத் தொட்டது. பிரேக் பிடித்தார். பிரேக் அருமையாகப் பிடித்தது. அவர் இடது காலை ஊன்றினார்.

அங்கே தரை இல்லை.

அவர் முகத்தில் வந்த ஆச்சரியத்தை கெண்ட்ரா பிக்கப்பிலிருந்தே பார்த்தாள். வண்டி அவசரப்படவில்லை. முதலில் சாய்ந்தது. டெல்மர் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஏதோ மரக்கிளையில் தொங்குகிறவர் மாதிரி அதோடு சேர்ந்து போனார். அப்புறம் முந்நூறு கிலோ இரும்பும் ஒரே சத்தமாக விழுந்தது. தலைவரின் இடுப்புக்குக் கீழே பென்சில்வேனியா, மேலே மேரிலாந்து. ஹெல்மெட் கொக்கியிலிருந்து கழன்று உருண்டு, அதுமட்டும் பத்திரமாகப் பென்சில்வேனியாவுக்கே திரும்பி வந்தது.

முற்றத்தில் யாரோ சிரித்தார்கள். கெண்ட்ராவின் வாயும் கோணிக்கொண்டது. அப்போதுதான் வண்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆர்லீனின் குரல் கேட்டது. அழுகை இல்லை. "கை," என்றாள். "என் கை. இதைத் தூக்குங்க." தோள்பட்டைக்குக் கீழே அவள் சட்டையில் ஒரு எலும்பு முட்டிக்கொண்டு நின்றது.

கெண்ட்ராதான் முதலில் ஓடினாள்.

ஆம்புலன்ஸ் போன பிறகு மேரிலாந்து போலீஸ்காரர் காபியைக் காரின் மேல் வைத்துவிட்டு வந்தார். டெல்மருக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை. ஆம்புலன்ஸில் ஏறவும் இல்லை. தலைவர் கூட்டத்தை விட்டுப் போகக் கூடாதாம்.

"உங்க தலை என் பக்கம் கிடந்துச்சு," என்றார் போலீஸ்காரர். "ஹெல்மெட் அந்தப் பக்கம் கிடந்துச்சு."

"நான் நிறுத்தினது பென்சில்வேனியாவுல!"

"நிறுத்தினதாத் தெரியலையே." பாக்கெட்டிலிருந்து டேப்பை எடுத்தார். "ஹெல்மெட்டை விடுங்க. இந்தக் கொம்பைப் பார்ப்போம். எங்க ஊர்ல சீட்டுலேர்ந்து அளப்போம்."

பஞ்சுச் சீட் விழுந்த வேகத்தில் பிய்ந்து பள்ளத்தில் கிடந்தது. இருபத்து மூன்று. அவர் எழுதிக்கொண்டார். பிறகு நிமிர்ந்து, முற்றத்தில் நின்ற மற்ற வண்டிகளைப் பார்த்தார். டேப்பை மடக்கவில்லை. "நீங்களும் வரீங்களா? வாங்க, எல்லாரையும் அளந்துடலாம்."

ஹார்லன்தான் முதலில் வண்டியைத் திருப்பினான். அஞ்சு நிமிஷத்தில் முற்றம் காலி. சுதந்திரச் சக்கரங்கள் அத்தனை வேகமாகச் சுற்றி கெண்ட்ரா பார்த்ததே இல்லை. டெல்மரும் அவர் வண்டியும் அவளுடைய பிக்கப்பில் வந்தார்கள்.  வீட்டு வாசலில் இறக்கிவிடும்போது, "நீதானே ஒட்டினே," என்றார்.

அதை அவர் மாநில அலுவலகத்துக்கும் எழுதிப் போட்டார். அடுத்த புதன்கிழமை பெட்ரோஸ்கி என்கிற அதிகாரி வந்தார். சாம்பல் நிறச் சட்டை, இடுப்பில் டேப். கெண்ட்ராவின் அட்டையைக் கேட்டு வாங்கி மேஜைமேல் வைத்தார். அதன்மேலேயே காபிக் கோப்பையையும் வைத்தார். வேண்டுமென்று செய்யவில்லை, ஆனால் கெண்ட்ராவால் அந்தக் கோப்பையைத் தவிர வேறு எதையும் பார்க்க முடியவில்லை.

"சீட்டை உயர்த்தச் சொன்னது யாரு?" என்று கேட்டார்.

"இவதான்," என்றார் கூடவே வந்திருந்த டெல்மர். "சீட்டைத் தூக்கிட்டு வாங்க, ஒட்டித் தரேன்னு சொன்னா. நான் இந்த வேலை தெரிஞ்சவன் இல்லையே, நம்பினேன். என் மனைவி ஆஸ்பத்திரியில கிடந்தா சார்."

ஐம்பது மாநிலச் சட்டத்தையும் ஒப்பிக்கிற வாய்.

பெட்ரோஸ்கி லாய்ட் மாமாவைப் பார்த்தார். "நீங்க இருந்தீங்களா?"

லாய்ட் மாமா துணியால் கையைத் துடைத்தார். கை சுத்தமாகத்தான் இருந்தது. "கம்ப்ரெசர் ஓடிட்டிருந்துச்சு சார். காதுல சரியா விழல." நாற்பது வண்டிகள் அவர் கண்ணுக்குள் வரிசையாக நிற்பது கெண்ட்ராவுக்குத் தெரிந்தது.

"நீ சொல்லும்மா," என்றார் பெட்ரோஸ்கி.

கெண்ட்ரா வாயைத் திறந்தாள். பதினோராம் வகுப்பு மறுபடியும் வந்து எதிரே உட்கார்ந்துகொண்டது. ஒரு சத்தமும் வரவில்லை. டெல்மர் தோளைக் குலுக்கினார், பார்த்தீர்களா என்பது மாதிரி.

"அவ சொல்ல மாட்டா. நான் சொல்றேன்."

வாசலில் ஆர்லீன் நின்றாள். இடது கை கழுத்திலிருந்து கட்டிய துணித் தூளியில் தொங்கியது. யாரோ காரில் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள்.

"நீ ஏன் எழுந்து வந்தே?" என்றார் டெல்மர்.

"நீ இங்க வந்து என்ன சொல்லுவேன்னு தெரியும். அதான் வந்தேன்." பெட்ரோஸ்கியிடம் திரும்பினாள். "வியாழக்கிழமை ஒட்ட மாட்டேன்னு அனுப்பிட்டா. அன்னிக்கு ராத்திரி சாப்பாட்டு மேஜையில வச்சு இந்த மனுஷனே பஞ்சை வெட்டினாரு. என் நல்ல ரொட்டிக் கத்தியால. வெள்ளிக்கிழமை நான் இந்த பெஞ்சுலதான் இருந்தேன். கால் எட்டலன்னு ரெண்டு தடவை சொன்னா. அதுக்குச் சட்டம் இருக்கான்னு இவர் கேட்டாரு."

"இருக்கா சார்?" என்றார் டெல்மர் உடனே, பழக்கத்தில்.

பெட்ரோஸ்கி அவரை மேலும் கீழும் பார்த்தார். அது நீண்ட பார்வை இல்லை, தூரம் அதிகமில்லை. "இல்ல," என்றார். "சட்டம் எழுதினவங்க, காலு தரைக்கு வருமான்னு அவனவனே பார்த்துக்குவான்னு நினைச்சிருப்பாங்க." கோப்பையைத் தூக்கி, அட்டையைச் சட்டையில் துடைத்து, கெண்ட்ராவிடம் நீட்டினார். "நீ ஒட்டினதுல தப்பில்ல."

டெல்மர் மனைவிக்காகக் கதவைப் பிடிக்கக்கூட நிற்காமல் வெளியே போய்விட்டார். பெட்ரோஸ்கியும் போனார். லாய்ட் மாமா கம்ப்ரெசருக்குப் பின்னால் ஏதோ தேடினார். ஆர்லீன் பெஞ்சில் அதே இடத்தில் உட்கார்ந்தாள்.

கெண்ட்ரா பக்கத்தில் போய் நின்றாள். "ரொம்ப நன்றி," என்றாள். அதையாவது சொல்ல முடிந்தது.

"இருக்கட்டும்." ஆர்லீன் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "பின்னால நான்தான் உட்காருவேன்னு உனக்குத் தெரியுமில்ல?"

"தெரியும்."

"கால் எட்டாதுன்னும் தெரியும். இருந்தும் ஒட்டினே."

"அதுக்குத் தாள்ல கட்டம் இல்ல, ஆர்லீன்."

ஆர்லீன் சிரித்தாள். தோள் வலித்திருக்க வேண்டும், பாதியில் நிறுத்திக்கொண்டாள். "இதையேதான் அந்த மனுஷனும் சொல்லிக்கிட்டுத் திரியறாரு," என்றாள்.

அவள் போன பிறகும் கெண்ட்ரா அங்கேயே நின்றாள். அட்டையில் காபிக் கோப்பையின் வட்டம் பதிந்திருந்தது. துணியால் தேய்த்தாள். போய்விட்டது. அவ்வளவு சுலபமாகப் போனது அவளுக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த ஜூனில் டெல்மர் மறுபடியும் வந்தார். அதே கம்பி, அதே கொம்பு. புதுப் பஞ்சுச் சீட், இந்தத் தடவை ஏதோ கடையில் தைத்தது. கூடவே புது பூட்ஸ். அதன் அடித்தோல் மட்டும் அஞ்சு அங்குலம் இருக்கும். நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் முன்னால் கொஞ்சம் யோசித்தார். ஆர்லீன் வரவில்லை. அவள் இப்போதெல்லாம் அந்த வண்டியில் ஏறுவதில்லை என்று ஊருக்கே தெரியும். ஆனால் ஹார்லனும் இன்னும் ஏழெட்டுப் பேரும் வந்து முற்றத்தில் சாய்ந்து நின்றார்கள். அவர்களுக்கும் அன்றைக்குத்தான் சோதனை.

டெல்மர் ஏறி உட்கார்ந்தார். தோள் சரியாக இருந்தது. பூட்ஸ் தரையைத் தொட்டது.

"காலும் எட்டுது," என்றார் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "உனக்கு ரொம்பக் கவலையா இருந்துச்சே."

லாய்ட் மாமா தலையை ஆட்டினார், ஒட்டிவிடு என்று. கெண்ட்ரா விளக்கைப் பார்த்தாள், ஹாரனை அடித்தாள், டயரை அளந்தாள். பிறகு சாவியை டெல்மரிடம் நீட்டினாள்.

"நிறுத்துற சோதனை. ஓட்டிட்டு வந்து, நான் நிக்கிற இடத்துல நிறுத்துங்க."

"நீதானே எப்பவும் ஓட்டுவே?"

"யார் ஓட்டணும்னு புத்தகத்துல இல்ல," என்றாள் கெண்ட்ரா. குரல் முற்றத்தின் கடைசிவரை கேட்டது. "அதுக்குச் சட்டம் இருக்கான்னு வேணும்னா பாருங்க. ஐம்பது மாநிலமும் உங்களுக்குத் தெரியுமே."

யாரோ இருமினார்கள். டெல்மர் சாவியை வாங்கினார். என்ஜினைக் கிளப்பினார். கீழே பார்த்தார். அந்தக் கனத்த அடித்தோலுக்குள் கியர் எங்கே, பிரேக் எங்கே என்று காலுக்குத் தெரியவில்லை. பூட்ஸ் நுனியால் இரண்டு தடவை துழாவினார்.

"ஹார்லன், வந்து கொஞ்சம் பிடி."

"பிடிக்கக் கூடாது," என்றாள் கெண்ட்ரா.

ஹார்லன் ஒரு அடி எடுத்து வைத்தவன் நின்றுவிட்டான். முற்றத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. என்ஜின் மட்டும் ஓடியது. டெல்மர் இரண்டு கையையும் தூக்கிக் கம்பியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார், யாராவது வந்து, சரி, கையை இறக்குங்கள் என்று சொல்லுவார்கள் என்பது மாதிரி. யாரும் சொல்லவில்லை. கடைசியில் என்ஜினை அணைத்தார். இறங்குவதற்கும் ஹார்லன்தான் வர வேண்டியிருந்தது.

பத்து நாள் கழித்து, கூட்டம் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தார். பஞ்சு இல்லை. பழைய தாழ்ந்த கம்பியைத் திரும்ப மாட்டியிருந்தார். பழைய பூட்ஸ். முற்றத்தின் மூலைவரை போய், திரும்பி, ஓட்டி வந்து, அவள் காலடியில் நிறுத்தி, இரண்டு பாதத்தையும் முழுசாக ஊன்றினார். கெண்ட்ரா ஸ்டிக்கரை ஒட்டினாள். பன்னிரண்டு நிமிஷம்தான் ஆனது.

"சட்டத்தை மாத்தறதுக்கு மனு எழுதிட்டிருக்கேன்," என்றார் கிளம்பும்போது. "தோள் கணக்கே கூடாதுன்னு. இது குட்டையானவங்களுக்கு எதிரான..." அந்தச் சொல் தன் வாயிலிருந்தே வந்துவிட்டதைக் கேட்டுவிட்டு, பாதியில் நிறுத்தி, ஆக்ஸிலரேட்டரை முறுக்கினார்.

ரோட்டில் ஏறிப் போகும்போது கெண்ட்ரா பின்னாலிருந்து பார்த்தாள். தாழ்ந்த கம்பியில் அவர் முதுகு நேராக இருந்தது. முதல் தடவையாக வண்டியும் ஆளும் ஒரே அளவாகத் தெரிந்தார்கள். அவரிடம் சொன்னால் கோபம் வரும். தலையில் ஒன்றும் இல்லை. மேலே காற்று, கீழே தார்.

அதற்கும் தாளில் கட்டம் இல்லை. "ஹெல்மெட்!" என்று அவர் முதுகைப் பார்த்துக் கத்தினாள். அவருக்குக் கேட்டிருக்காது. கேட்டிருந்தாலும் போட மாட்டார்.

லாய்ட் மாமா கம்ப்ரெசருக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி, யார் கத்தியது என்று பார்த்தார்.